விண்ணப்பத்தில் நான் சொல்லாமல் விட்டது

கைப்பிரேக்கை இழுத்தது நான் இல்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த கண்டீன் அக்கா, பள்ளியில் சாப்பாடு விற்பவர். மடியில் வைத்திருந்த காலிச் சட்டியைக் காலடியில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கார் புல்லில் ஏறிக் குலுங்கி நின்றது.

எனக்கு முதலில் தெரிந்தது தண்ணீர்தான். முன்கண்ணாடி முழுக்கப் பச்சையாகத் தண்ணீர். மலேசியாவில் எங்கள் ஊரான பத்து காஜாவைச் சுற்றி, ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன குட்டைகள் நிறைய உண்டு. பள்ளியிலிருந்து எங்கள் குடியிருப்பான தாமானுக்கு வரும் சாலை அவற்றில் ஒன்றை ஒட்டித்தான் வளைகிறது. வளைவில் கார் வளையவில்லை. நேராகப் போயிருக்கிறது. முன்சக்கரத்துக்கும் கரைக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது. அவ்வளவுதான்.

பின்னால் ஆறு பிள்ளைகள். இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஏதோ விளையாட்டு என்று நினைத்து.

"ஏய், என்னாச்சு உனக்கு? எவ்ளோ நேரமா கூப்புடுறேன், காதுல விழலியா?" என்றார் அக்கா. அவர் முகம் சாம்பலாக இருந்தது.

எனக்கு விழவில்லை. பள்ளி வாசலில் கியர் மாற்றியது நினைவிருக்கிறது. செம்பனைக் காட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் இரும்புக் கேட் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு தண்ணீர். நடுவில் இருந்த சாலை என்னிடம் இல்லை. அதை ஓட்டியது என் கையும் காலும்தான். நான் அங்கே இருக்கவில்லை.

பையைத் திறந்து, சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து விரலைக் குத்திப் பார்த்தேன். ஒன்று புள்ளி ஒன்பது. நான்குக்குக் கீழே இறங்கினாலே இனிப்பு சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். டாஷ்போர்டுப் பெட்டியில் இருந்த மிட்டாயை எல்லாம் வாயில் போட்டு மென்றேன். அக்கா கீழே இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எண் ஏறும்வரை நின்றார். பிறகு தன் இரண்டு பிள்ளைகளையும் இறக்கி, ஆளுக்கொரு பையை மாட்டிவிட்டு, வெயிலில் நடக்க ஆரம்பித்தார். மற்ற நான்கு பேரையும் வைத்துக்கொண்டு நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன். அவரைத் தாண்டும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குச் சர்க்கரை நோய் வந்தது இருபத்தொன்பது வயதில். சாதாரணச் சர்க்கரைதான் என்று முதலில் மாத்திரை கொடுத்தார்கள். உடம்பு மரக்கட்டை மாதிரி வற்றிப்போன பிறகுதான், என் உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு ஊசி. பத்து வருஷம். அதுகூடப் பழகிவிட்டது. சர்க்கரை இறங்கும்போது உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடும். கை நடுங்கும், கழுத்து வேர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். உடனே ஏதாவது சாப்பிடுவேன், சரியாகிவிடும். இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றாக என்னை விட்டுப் போனது எனக்குத் தெரியவில்லை. வேர்வை நின்றபோது, நோய் கொஞ்சம் தேறியிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. கேட்டுக்கு வெளியேயே நின்று பேசினார்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்லா. உன் பொழப்பு அது. ஆனா என் புள்ளைங்கள இனிமே உன் கார்ல ஏத்த மாட்டேன்."

"ஒரு தடவதான்க்கா. சாப்பிடாம வந்துட்டேன், அதான்."

"சாப்ட்ட. நான்தான் உனக்கு மீ போட்டுக் குடுத்தேன்."

அந்த நூடுல்ஸ் தட்டை நான் முழுதும் காலி செய்திருந்தேன். அவர் போய்விட்டார்.

என் கணவரிடம் நான் சொல்லவில்லை. அவர் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். விடியுமுன் மோட்டாரில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். அவர் சம்பளம் வீட்டுக் கடனுக்கும் எங்கள் மகளின் படிப்புக்கும் போய்விடும். மற்றதெல்லாம் அந்த எட்டு பேர் உட்காரும் பழைய காரில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி நான் கொண்டு வந்தது. என் விரலைக் குத்திப் பார்க்கும் பட்டைகளும் அதில்தான் வாங்கினேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. தோட்டத்தை விற்று, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தபோது எங்களோடு இந்தத் தாமானுக்கு வந்த பெண்களில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தச் சாவி என் கையில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே சாலையில் போனேன்.

அந்த வாரம் ஈப்போ மருத்துவமனையில் எனக்கு முறை வந்தது. சர்க்கரைப் பிரிவில் இருக்கும் தாதி, மிஸ்ஸி என்று கூப்பிடுவோம், தமிழ்ப்பெண். என் கருவியை வாங்கி, அதில் பதிந்திருந்த எண்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"ஒன்னு புள்ளி ஒம்பது. மத்தியானம். அப்ப எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்தேன் மிஸ்ஸி. ஒன்னும் தெரியல."

அவர் பேனாவை மூடி வைத்தார். "எனக்கு அந்த நம்பர் பயமில்ல. நல்லா இருந்தேன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் பயம். உங்க உடம்பு எச்சரிக்கிறத நிறுத்திடுச்சு. அடுத்த தடவ சொல்லாமலே கொண்டு போயிடும்."

பிறகுதான் இன்சுலின் பம்பைப் பற்றிச் சொன்னார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. வயிற்றில் மெல்லிய குழாய் ஒட்டியிருக்கும், பக்கத்தில் ஒரு சென்சார். சர்க்கரை இறங்கப்போவது தெரிந்தால் பெட்டி தானாகவே இன்சுலினை நிறுத்தும், சத்தம் போட்டுக் கூப்பிடும். என் உடம்பு செய்யாமல் விட்டதை அது செய்யும். இன்சுலினை ஆஸ்பத்திரி கொடுக்கும், பம்பை நாமே வாங்க வேண்டும் என்றார். விலையைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். என் காரை விற்றாலும் பாதி விலைக்குக் கூட வராது.

"கீழ சமூகநலப் பிரிவு இருக்கு. அவங்க வழியா உதவித் திட்டத்துக்கு எழுதலாம். ஒன்னு ஞாபகம் வச்சுக்குங்க, கடன ஒடன வாங்கி நீங்களே வாங்கிடாதீங்க. வாங்கின பொருளுக்கு அவங்க பணம் தர மாட்டாங்க. அப்புறம், எல்லாத்தையும் சொல்லுங்க. மோசமானத மொதல்ல சொல்லுங்க. நல்லா இருக்கேன்னு சொல்றதுக்கு யாரும் அங்க போறதில்ல."

சமூகநல அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். மேசையில் கோப்புகள் கழுத்துவரை இருந்தன. மலாயில் மெதுவாகப் பேசினார். சம்பளச் சீட்டு, தண்ணீர் பில், மின்சார பில், மகளின் பிறப்புப் பத்திரம், நிபுணர் எழுதும் அறிக்கை, பம்பு விற்கிறவர்களின் விலைப் பட்டியல் என்று கேட்டுக் குறித்துக்கொண்டே போனார். பிறகு நிமிர்ந்தார்.

"பம்பு கிடைத்தாலும், குழாயையும் சென்சாரையும் சில நாட்களுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். அது மாதா மாதம் செலவு. அதை உங்களால் தாங்க முடியுமா?"

முடியும் என்றால், உனக்கு எதற்கு உதவி என்பார்கள். முடியாது என்றால், பெட்டி அலமாரியில் தூங்கப்போகிறது, வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் தேடினேன், கிடைக்கவில்லை. "முயற்சி செய்கிறோம்" என்றேன். அவர் எதையோ எழுதினார்.

"என்ன வேலை செய்கிறீர்கள்?"

"வீட்டில்தான் இருக்கிறேன்." பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற எனக்கு உரிமம் கிடையாது.

"வாகனம் ஓட்டும்போதோ வேறு வேலை செய்யும்போதோ நினைவு தப்பியிருக்கிறதா?"

அந்த அறையில் குளிர் அதிகம். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. தப்பியிருக்கிறது என்று சொன்னால் பம்பு கிடைக்கலாம். ஆனால் அது தாளில் ஏறும். நாளையே யாராவது வந்து சாவியைக் கேட்பார்கள், நான்கு பிள்ளைகளின் வீட்டுக்கும் செய்தி போகும்.

"இல்லை," என்றேன்.

அவர் ஒரு கட்டத்தில் கோடு போட்டார். "கோப்பை அனுப்புகிறேன். ஆனால் இதைவிட மோசமானவர்கள் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். நம்பிக்கையை ரொம்ப வைத்துக்கொள்ளாதீர்கள்."

அதன் பிறகு நான் கவனமாக இருந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் சாவியைத் திருப்புமுன் விரலைக் குத்திப் பார்ப்பேன். பத்துக்குக் கீழே இருந்தால் இனிப்புத் தேநீர் குடிப்பேன். சர்க்கரையை வேண்டுமென்றே உயர்த்தி வைத்துக்கொண்டு ஓட்டினேன். கண் மங்கியது, நாக்கு வறண்டது, இரவெல்லாம் தாகம். வளைவு வரும்போது உள்ளங்கைகள் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குட்டைப் பக்கம் பார்ப்பதில்லை. ஒருநாள் கரையில் பெரிய உடும்பு ஒன்று படுத்திருந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். அது தலையைத் தூக்கி எங்கள் காரையே பார்த்தது, பிறகு அவசரமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது.

கண்டீன் அக்காவின் பிள்ளைகளை அவர் தம்பி மோட்டாரில் கொண்டு விடுவதைப் பார்த்தேன். மற்ற தாய்மார்கள், ஏன் அவர்கள் உன் காரில் வருவதில்லை என்று கேட்டார்கள். ஏதோ மனஸ்தாபம் என்று சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். நம்பியது எனக்கு நிம்மதியாக இருந்தது.

குட்டைக்கரையில் கார் நின்றதிலிருந்து பதினேழாவது நாள். மத்தியானம், பள்ளி வாசல். நான்கு பிள்ளைகளும் ஏறி பெல்ட் மாட்டிவிட்டார்கள். அன்று எனக்கு உடம்பு இறகு மாதிரி லேசாக இருந்தது. மனசும் தெளிவாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கும்போது எதற்கு விரலைக் குத்துவது என்று நினைத்துச் சாவியைச் செருகிவிட்டேன். பழக்கத்தில் கை மட்டும் பைக்குள் போய்க் கருவியை எடுத்தது.

இரண்டு புள்ளி ஒன்று.

கருவி கெட்டுவிட்டது என்று இன்னொரு விரலைக் குத்தினேன். ஒன்று புள்ளி எட்டு. கையை நீட்டிப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். வேர்வை இல்லை. கண்ணாடியில் என் முகம் நிம்மதியாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் பயந்தேன். அது என் முகம்தான், ஆனால் என்னைக் கொல்லப் போகிறவளின் முகம் மாதிரியும் இருந்தது.

சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். கண்டீன்வரை எப்படி நடந்தேன் என்று தெரியாது. அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவியை அவர் முன்னால் வைத்தேன். வாய் குளறியது.

"பிள்ளைங்கள எறக்குங்கக்கா. கார்ல இருக்காங்க. எறக்குங்க."

அவர் ஒரு குவளை இனிப்பான சிராப் தண்ணீரை என் வாயில் வைத்து அழுத்திவிட்டு வாசலுக்கு ஓடினார். திரும்பி வரும்போது நான்கு பேரும் அவர் பின்னால் வரிசையாக வந்தார்கள். அவர்களுக்கு மிச்சமிருந்த மீயைப் போட்டுக் கொடுத்தார். பிறகு என் கைப்பேசியை எடுத்து என் கணவரை அழைத்தார்.

அவர் ஜெலாப்பாங்கிலிருந்து வர ஒரு மணி நேரம் ஆனது. சீருடையோடு, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உள்ளே வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குட்டையை, பதினேழு நாளை, அதிகாரியிடம் இல்லை என்று சொன்னதை. அவர் என் எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பொண்ணு அந்தக் கார்ல இருந்திருந்தா ஓட்டியிருப்பியா?" என்று கேட்டார்.

எங்கள் மகள் இடைநிலைப் பள்ளிக்குப் பேருந்தில் போகிறாள். ஓட்டியிருக்க மாட்டேன் என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

கண்டீன் அக்கா அப்போதுதான் பேசினார். "அவள மட்டும் சொல்லாதீங்க தம்பி. நானும் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். தெனமும் அந்த நாலு பேரும் உள்ள வந்துட்டாங்களான்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் அடுப்பு பத்த வச்சேன்."

அன்றே நானும் என் கணவரும் அந்த நான்கு பிள்ளைகளின் மூன்று வீடுகளுக்கும் போனோம். முதல் வீட்டில் அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டாவது வீட்டில் தகப்பனார் கேட்டுக்கு வெளியே வந்து நின்று முழுதும் கேட்டார். "தெரிஞ்சே எத்தன நாள் ஓட்டுனீங்க?" என்றார். சொன்னேன். அவர் உள்ளே போய்க் கேட்டைச் சாத்தினார். பூட்டுகிற சத்தம் கேட்டது. மூன்றாவது வீட்டில், "அப்ப நாளைக்கு யாரு கூட்டிட்டுப் போவா?" என்று மட்டும் கேட்டார்கள். எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

அடுத்த நாள் என் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னைச் சமூகநல அதிகாரியிடம் கூட்டிப் போனார். நான் சொன்னது பொய் என்றேன். பிள்ளைகளை உரிமம் இல்லாமல் ஏற்றியதையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் அன்றே சொல்லவில்லை?"

"சொன்னால் வேலை போய்விடும் என்று."

"இந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் பாதிப் பேர் இப்படித்தான். நோயைக் குறைத்துச் சொல்வார்கள், பிறகு நான் அவர்களைக் கோப்பில் மட்டும்தான் பார்ப்பேன்." உயிரோடு இல்லாதவர்களைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது.

நிபுணர் அறிக்கையைப் புதிதாக எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தார். வாசலில் நின்ற காரைப் பார்த்து, "இது?" என்றார். விற்கப் போகிறோம், அந்தப் பணம் சென்சாருக்கு என்றார் என் கணவர். தன் சேமநிதியிலிருந்து மருத்துவத்துக்கு எடுக்க எழுதிய தாளையும் காட்டினார். மாதச் செலவைத் தாங்க முடியுமா என்ற கேள்விக்கு எங்களிடம் இருந்த பதில் அவ்வளவுதான். அதிகாரி காரை ஒரு படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே கார் போய்விட்டது. சிலிம் ரிவர் ஊரிலிருந்து வந்த ஒருவர் வாங்கிப் போனார்.

பிறகு காத்திருப்பு. மாதங்கள். அந்த நாட்களில் நான் வீட்டில் தனியாக இருக்கக் கூடாது என்று கண்டீன் அக்கா ஏற்பாடு செய்தார். காலையில் என் கணவர் போனதும் தாமான் பெண்களில் யாராவது ஒருத்தி வந்து உட்காருவாள். கையில் கத்தியைப் பார்த்தால் வாங்கி வைப்பார்கள். அடுப்பைப் பற்ற வைக்க விட மாட்டார்கள். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்ப்பார்கள். நானும் என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு லேசானால் பயம். ஒரு பாட்டு நன்றாக இருந்தால் உடனே விரலைக் குத்துவேன். சந்தோஷத்தை நம்ப முடியாமல் போய்விட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை அதிகாரி அழைத்தார்.

"உங்கள் கோப்பு முன்னால் வந்திருக்கிறது. உங்களுக்கு முன்னால் இருந்த ஒருவர் இப்போது பட்டியலில் இல்லை."

இல்லை என்றால்? அவர் வேறு இடத்தில் உதவி பெற்றிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "நன்றி புவான்," என்று அந்த அம்மாவிடம் சொல்லிப் போனை வைத்தேன். இன்றுவரை கேட்கவில்லை. கிளினிக்கில் காத்திருக்கும்போது, முன்பு பார்த்த முகங்களில் எது குறைகிறது என்று தேடியிருக்கிறேன். வெள்ளைத் தலைத்துணி போட்ட ஒரு பெண், எப்போதும் கதவோரம் உட்காருவாள். அவளை வெகுநாளாகக் காணவில்லை. அவள் கிழமையை மாற்றியிருக்கலாம்.

பம்பையும் ஒரு வருஷத்துக்கான குழாய்களையும் உதவித் திட்டம் கொடுத்தது. சென்சார் எங்கள் பொறுப்பு. மிஸ்ஸி என் வயிற்றில் அதை ஒட்டிவிட்டு, எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று மூன்று நாள் கற்றுக்கொடுத்தார். நான்காம் நாள் மத்தியானம் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது அது முதல் தடவையாகக் கத்தியது. நான் நன்றாகத்தான் இருந்தேன். திரையில் அம்பு கீழ்நோக்கி இருந்தது, இன்சுலினை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து சிராப் குடித்தேன். கை நடுங்கியது. சர்க்கரையாலா பயத்தாலா என்று தெரியவில்லை.

இப்போது ஒரு சலவைக் கடையில் துணி மடிக்கிறேன். பிள்ளைகளை வேறொரு வேன் ஏற்றிப் போகிறது. கேட்டைச் சாத்திய தகப்பனார் சந்தையில் என்னைப் பார்த்தால் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறார். அதில் தப்பில்லை.

குழாய்ப் பெட்டிகள் அலமாரியில் குறைந்துகொண்டே வருகின்றன. அடுத்த வருஷத்துக்கு மறுபடி எழுதிக் கேட்க வேண்டும். போன வாரம் அழைத்தபோது, அந்த அதிகாரிக்கு வேறு ஊருக்கு மாற்றல் என்றார்கள். என் கோப்பைப் புதிதாக வருகிறவர் பார்ப்பாராம். அவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மோசமானதை முதலில். திங்கட்கிழமை போகிறேன். என் கணவர் விடுப்புக்குச் சொல்லிவிட்டார்.